ஏழு பொட்டும் ஒரு சுடுதண்ணித் தாங்கியும்

சந்தேகப்படுவதுதான் என்னுடைய முழுநேர வேலை. பஸ் டிப்போவில் பஸ் கழுவுவது பகுதிநேரம். (சம்பளம் என்னவோ இரண்டாவதற்குத்தான் தருகிறார்கள்.)

கதவைப் பூட்டிவிட்டுப் படி இறங்கினால் மூன்றாம் மாடி வரைக்கும்தான் என்னால் போகமுடியும். அங்கே நின்று யோசித்து, திரும்ப ஏறிவந்து கதவுப் பிடியை ஆட்டிப் பார்த்தால்தான் கால் கீழே இறங்கும். வைத்தியர் "உனக்கு ஒன்றுமில்லை" என்று சொன்னால், ஒன்றுமில்லாத விசயத்துக்கு இந்த மனுசன் ஏன் இவ்வளவு நேரம் கொம்பியூட்டரைப் பார்த்தார் என்று ஒரு கிழமை நித்திரை கொள்ளமாட்டேன். அந்த நித்திரையின்மையோடு திரும்ப அவரிடமே போனால், அப்போதும் ஒன்றுமில்லை என்பார். சந்தேகம் இன்னும் கூடும்.

இந்தக் குணம் என் பிறவிக் குணம் அல்ல, தொழிலில் ஒட்டிக்கொண்டது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு (பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்பது அக்காவின் கருத்து) யாழ்ப்பாணத்தில் ஒரு ரேடியோ திருத்தும் கடையில் இரண்டு வருடம் நின்றேன். திருத்தக் கொண்டுவருகிற சனங்கள் வீட்டிலேயே பின்மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கிற பாகங்களில் ஒரு இரகசிய அடையாளம் போட்டுத்தான் கொண்டுவருவார்கள். கடைக்காரர் நல்லதைக் கழற்றிவிட்டுப் பழசைப் பூட்டிவிடுவாரோ என்ற பயம். ஒருவர் பென்சிலால் புள்ளி வைத்திருப்பார். இன்னொருவர் ஊசியால் தன் முதலெழுத்தைக் கீறியிருப்பார். ஒரு வாத்தியார் முழுக் கையெழுத்தையும் போட்டுக் கீழே திகதியும் எழுதியிருந்தார். சனங்கள் எவ்வளவு அநியாயமாகச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். அந்தக் கடையில் எனக்குத் தரப்பட்ட முதல் வேலை, அந்த அடையாளங்களைத் தேடிக் கண்டுபிடிப்பது. அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

இனி ஒஸ்லோவுக்கு வருகிறேன். எல்லிங்ஸ்ருட்டில் ஐந்தாம் மாடியில் எங்கள் வீடு. அதில் ஒரு சுடுதண்ணித் தாங்கி. (நோர்வேக்காரர் அதைப் 'பெரேடர்' என்பார்கள்.) நாங்கள் வீடு வாங்கும்போதே அது கிழடு. முதலாவது ஆள் குளித்தால் சுடுதண்ணி வரும், இரண்டாவது ஆளுக்கு வெதுவெதுப்பு, மூன்றாவது ஆளுக்குப் பக்தி. (முருகா முருகா என்று கத்துவது பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.) வீட்டில் நானும் மனைவி வசந்தியும் மட்டும்தான் என்பதால் சமாளித்துக்கொண்டிருந்தோம். மகள் ஆரணி ஒஸ்லோவிலேயே குறொன்லாண்டில் தனியாக ஒரு சின்ன வீடு எடுத்து இருந்தாள்.

அந்த ஆரணிதான் ஒருநாள் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, துரொண்ட்ஹெய்மில் பிரசன்னா என்று ஒரு பெடியனைத் தனக்குப் பிடித்திருக்கிறது, அவனுடைய அப்பா அம்மா வருகிற சனிக்கிழமை எங்களைப் பார்க்க வருகிறார்கள், இரண்டு நாள் நிற்பார்கள் என்று சொன்னாள். நாங்கள் சந்தோசப்பட வேண்டிய இடம். வசந்தி சந்தோசப்பட்டாள்.

"ஏன் ரெண்டு நாள்?" என்று நான் கேட்டேன். "பிள்ளையைப் பாக்க ஒரு மணித்தியாலம் காணும். மிச்ச நேரம் எதைப் பாக்கப் போயினம்?"

"உங்களை" என்றாள் வசந்தி.

அடுத்த நிமிடமே அவளுக்குத் தாங்கியின் ஞாபகம் வந்துவிட்டது. "இஞ்சருங்கோ, சம்பந்தியாய் வரப்போற சனம். ஏழு மணித்தியாலம் கார் ஓடி வருங்கள். முதல் நாளே பச்சைத்தண்ணி வாத்தால் திரும்பிப் போற ஏழு மணித்தியாலமும் அதைத்தான் கதைப்பினம். சனிக்கிழமைக்கு முதல் எனக்குப் புதுத் தாங்கி வேணும்."

"நானே பாத்துப் பூட்டிறன்..."

"நீங்கள் ஒண்டையும் தொடவேண்டாம். லைசன்ஸ் உள்ள ஆளைக் கூப்பிடுறன்."

கூப்பிட்டாள். வசந்தி சிறுவர் பள்ளியில் வேலை செய்கிறாள், நோர்வே மொழி அவளுக்குத் தண்ணிபட்ட பாடு. என்னுடைய நோர்வே மொழி பஸ்களோடு கதைக்கக் காணும்.

திங்கட்கிழமை பிளம்பர் வந்தார். பெயர் ஸ்தைனார். ஐம்பது வயதிருக்கும், கதவு அளவு உடம்பு. வாசலில் நின்று சப்பாத்துக்கு மேலே நீலநிறப் பிளாஸ்டிக் பை இரண்டை மாட்டினார். வீடு அழுக்காகக் கூடாது என்பதற்காம். எனக்கு உடனே வேறொன்று தோன்றியது. அடிச்சுவடு விழாது.

"கோப்பி குடிக்கிறியா?" என்று கேட்டேன். (நோர்வேயில் எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'தான். அது ஒன்றுதான் இந்த மொழியில் எனக்குச் சுகம்.)

"வேண்டாம், நன்றி. என்னட்டை இருக்கு" என்று தன் பிளாஸ்கைக் காட்டினார்.

பாருங்கள். எங்கள் வீட்டில் ஒரு வாய் குடித்தவன் எங்களை ஏமாற்ற ஒரு தரம் யோசிப்பான். இந்த மனுசன் முன்கூட்டியே தப்பிக்கொண்டார்.

எங்கள் தாங்கி இருப்பது குளியலறைக்கும் குசினிக்கும் நடுவில் உள்ள சாமான் அறையில். அறை என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு ஆள் நிற்கலாம். இரண்டு பேர் நின்றால் அவர்களுக்குக் கலியாணம் செய்துவைக்க வேண்டியதுதான். அதற்குள்ளே தாங்கி, குழாய்கள், இரண்டு அரிசி மூட்டை, ஒரு புட்டுப் பானை, சூட்கேசுக்குள் சூட்கேசாக நாலு சூட்கேஸ். ஸ்தைனார் அதற்குள் தலையை விட்டார், பிறகு தோளை விட்டார், பிறகு மூச்சை விட்டார். அளந்தார். பிறகு கைபேசியை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினார். தாங்கியைப் பிடித்தார், சரி. குழாயைப் பிடித்தார், சரி. நிலத்தைப் பிடித்தார். கதவுநிலையைப் பிடித்தார். வெளியே வந்து விறாந்தையையும் பிடித்தார். எங்கள் அரிசி மூட்டையையும் பிடித்தார்.

அரிசி மூட்டைக்கும் சுடுதண்ணிக்கும் என்ன தொடர்பு? நான் வசந்தியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் இருப்பதில் கவனமாக இருந்தாள்.

"இடம் காணாது" என்றார் ஸ்தைனார். "ஒடுங்கின, உயரமான தாங்கிதான் இதுக்குள்ளே போகும். கதவுநிலையைக் கழற்றித்தான் உள்ளே விடலாம். வால்வுகள், இணைப்புகள் எல்லாம் புதுசு பூட்டுவேன். புதன்கிழமை காலமை வாறன்."

"பழைய வால்வுகள்?" என்று கேட்டேன்.

"நான் கொண்டுபோய் எறிவேன்."

தானே கொண்டுபோகிறாராம். என் காதுக்குள் ரேடியோக் கடையின் சத்தம் முழுக்கக் கேட்டது. புதுசு பூட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பழசையே துடைத்துப் பூட்டினால் எனக்கு எப்படித் தெரியும்? இந்த ஒடுக்கத்துக்குள் எவன் தலையை விட்டுப் பார்ப்பான்?

நான் பார்ப்பேன். ஆனால் அதற்கு அடையாளம் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து இரண்டு மணிக்கு வந்துவிட்டேன். வசந்தி ஐந்து மணிக்குத்தான் வருவாள். மூன்று மணித்தியாலம் வீடு என் கையில். பேனை செம்பில் எழுதாது. ஊசியால் கீறினால் பளிச்சென்று தெரியும், அனுபவம் உள்ள கண் உடனே கண்டுபிடித்துவிடும். (அந்தக் கண்ணில் ஒன்று என்னுடையது.) பெயின்ற் இல்லை. வீடு முழுக்கத் தேடியதில் நிறம் என்று இருந்தது சாமித் தட்டில் இருந்த குங்குமம் ஒன்றுதான். சாமியிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு ஒரு சிட்டிகை எடுத்தேன். தேத்தண்ணிக் கரண்டியில் தண்ணி விட்டுக் குழைத்தேன்.

கைவிளக்கை வாயில் கடித்துக்கொண்டு சாமான் அறைக்குள் புகுந்தேன். வால்வுகளுக்கும் இணைப்புகளுக்கும் ஒவ்வொரு பொட்டு, எல்லாம் அடிப்பக்கத்தில், மேலே இருந்து பார்க்கிறவனுக்குத் தெரியாதபடி. ஐந்தாவது பொட்டில் என் சேட்டுப் பொத்தான் ஒரு வால்வில் கொளுவிக்கொண்டது. முன்னுக்கும் போகமுடியவில்லை, பின்னுக்கும் வரமுடியவில்லை. கால்மாட்டில் அரிசி மூட்டை. வாயில் விளக்கு இருப்பதால் கத்தவும் முடியாது. கத்தி யாரும் வந்தால் குங்குமக் கையோடு தாங்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதற்கு என்ன காரணம் சொல்வது? பொத்தானைத் தியாகம் செய்துவிட்டு மிச்ச இரண்டு பொட்டையும் வைத்து முடித்தேன். ஏழு. வெளியே வந்து கதவைச் சாத்தியபோது எனக்கு இருந்த திருப்தியை, நோர்வே வந்த இத்தனை வருடத்தில் நான் கண்டதில்லை.

புதன்கிழமை வயிற்றுக்குத்து என்று வேலைக்கு அறிவித்துவிட்டு வீட்டில் நின்றேன், காவலுக்கு. வசந்தியும் லீவு எடுத்து, சம்பந்திக்காகப் பயித்தம்பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். எட்டு மணிக்கு ஸ்தைனார் வந்தார், நீலப் பைகளை மாட்டினார், சாமான் அறைக் கதவைத் திறந்தார்.

திறந்தவர் அப்படியே நின்றார்.

நான் அவருடைய தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். குளிர்தண்ணி வருகிற குழாய் அந்த வெக்கையான அறைக்குள் இரா முழுக்க வேர்த்திருக்கிறது. அந்தப் பக்கத்து நாலு பொட்டும் அந்த வேர்வையில் கரைந்து, வெள்ளைச் சுவரில் நாலு கோடாக வழிந்து, காய்ந்து, மண்ணிறமாகியிருந்தன. சுடுதண்ணிப் பக்கத்து மூன்று பொட்டும் சூட்டில் காய்ந்து நிலத்தில் செந்தூளாக உதிர்ந்துபோய்க் கிடந்தன. பார்த்தால் அந்தத் தாங்கி உள்ளுக்கு இரத்தம் கக்கிச் செத்ததுபோல இருந்தது.

ஸ்தைனார் மெதுவாக விசிலடித்தார். முழங்காலை ஊன்றி, ஒரு விரலால் தொட்டு, மற்ற விரலோடு உரசிப் பார்த்தார். "துரு" என்றார். பிறகு எண்ணினார். "ஏழு. ஏழு இணைப்பிலையும். திங்கட்கிழமை ஒன்றும் இல்லை. முப்பது வருடத்தில் இப்படி நான் கண்டதில்லை."

நானும் கண்டதில்லை.

அவர் உடனே கீழே போய் எங்கள் படிக்கட்டோடு சேர்ந்த பத்து வீட்டுக்கும் தண்ணியை நிறுத்தினார். குடியிருப்பு நிர்வாகத் தலைவிக்குத் தொலைபேசி எடுத்தார். தலைவியின் பெயர் ரந்தி, ஓய்வுபெற்ற தாதி, நோயாளியைப் பார்க்கிற முகத்தோடுதான் எதையும் பார்ப்பார். ஐந்து நிமிடத்தில் வந்து எங்கள் சுவரை அந்த முகத்தோடு பார்த்தார்.

"குழாய் சுவருக்குள்ளேயும் போகுது. உள்ளுக்கும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

"உடைச்சுப் பாத்தால்தான் தெரியும்" என்றார் ஸ்தைனார். "குளியலறைப் பக்கத்தாலே சுவர் மாபிளை எடுக்கவேணும்."

"பிறகு?" என்று கேட்டது வசந்தி. குசினி வாசலில் எண்ணெய்க் கரண்டியோடு நின்றாள்.

"காயவிட வேணும். சுவர் நனைஞ்சிருந்தால் ஆறு கிழமை."

வசந்தி தமிழுக்குத் திரும்பினாள். "ஆறு கிழமையோ? சனிக்கிழமை அவையள் வருகினம்! வாற சனத்தைக் குளிக்க எங்கை விடுறது, பஸ் கழுவுற இடத்திலையோ?" கண் கலங்கிவிட்டது. "பிள்ளையின்ரை முதல் விசயம். எல்லாம் இப்பிடியே முடியுது."

அந்த நேரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரேயொரு வசனம்தான். ஆனால் அந்த வசனம் என்ன? 'நீ ஒரு கள்ளன் என்று நினைத்து நான் உன்னுடைய வால்வுகளுக்குப் பொட்டு வைத்தேன்.' அதை எந்த மொழியில் மரியாதையாகச் சொல்வது? அதற்கிடையில் ஸ்தைனார் தொலைபேசியில் யாருக்கோ, "இன்றைக்கு வரமுடியாது, இவர்களை இப்படி விட்டுவிட்டு வரமுடியாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனுசன் எங்களுக்காக மற்ற வேலைகளைத் தள்ளிவைக்கிறார். நெஞ்சில் சுருக்கென்றது. (கூடவே, இவ்வளவு நல்லவராய் இருக்க இவருக்கு என்ன தேவை என்றும் ஒரு யோசனை வந்தது. குணம் என்ன செய்யும்?)

வாசல் மணி அடித்தது. மூன்றாம் மாடி கார்த்திக். சென்னைப் பெடியன், கொம்பியூட்டர் வேலை, தலையில் சம்பூ நுரை, இடுப்பில் துவாய்.

"அங்கிள், தண்ணி எப்ப வரும்? ஒன்பதரைக்கு எனக்கு மீட்டிங் இருக்கு."

"பெரிய பிரச்சினை தம்பி. குழாய் எல்லாம் பழுதாய்ப் போச்சு."

"ஐயோ. யாரு பண்ணது?"

"தானாய்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

திரும்பி வந்தால் ஸ்தைனார் குளியலறையில் சுத்தியலும் உளியுமாக நிற்கிறார். உளியின் முனை மாபிளில் வைத்தாயிற்று. ரந்தி கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில். சுத்தியல் மேலே போகிறது. அந்தச் சுத்தியலுக்குக் கீழே என் குளியலறை, என் மகளின் கலியாணம், வசந்தியின் முகம் எல்லாம் வரிசையாகத் தெரிந்தது.

"நை!" என்று கத்தினேன். இல்லை என்பதற்கான சொல். இந்த நாட்டில் நான் சொன்ன எல்லா 'நை'யிலும் அதுதான் மிகப் பெரியது.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"துரு இல்லை" என்றேன். "அது... சமயம். எங்கடை சமயம். சிவப்பு. மெசினுக்கு. கடவுள்." கையால் என் நெற்றியில் தொட்டு, பிறகு குழாயைக் காட்டினேன்.

ஸ்தைனார் சுத்தியலைக் கீழே வைத்தார். தலையில் இருந்த தொப்பியைக் கழற்றினார். ரந்தி நெஞ்சில் கையை வைத்து, "ஓ, எவ்வளவு அழகு" என்றார். நான் தப்பிவிட்டேன். ஒரு நிமிடம், முழுதாக ஒரு நிமிடம் நான் தப்பியிருந்தேன்.

கெடுத்தது ஸ்தைனாரின் மரியாதை. "அப்படியென்றால் இந்தப் பாகங்களை நான் எறியக்கூடாது இல்லையா?" என்று கேட்டார். "கழற்றலாமா? கழற்ற முதல் ஏதாவது செய்யவேணுமா? நான் பிழை விடக்கூடாது." கேட்டது என்னையல்ல, நோர்வே மொழி தெரிந்த வசந்தியை.

வசந்தி கண்ணைத் துடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "என்ன கதையப்பா இது? எறியிற சாமானுக்கு ஆர் பொட்டு வைக்கிறது?"

"மெல்லக் கதையும்."

"புதுசுக்கெல்லோ வைக்கிறது! புதுக் கார், புதுப் பானை. குப்பைக்குப் போற தாங்கிக்கு ஆரும் வைப்பினமோ? எங்கடை சமயத்தைப் பற்றி இவையள் என்ன நினைப்பினம்?"

"நினைக்கட்டும், விடும்..."

விடவில்லை. சமய விசயத்தில் வசந்தி பிழை விடமாட்டாள், மற்றவர்களை விடவும் விடமாட்டாள். அப்படி ஒரு வழக்கமே இல்லை, புதிய பொருளுக்குத்தான் பொட்டு வைப்பது, அதுவும் எல்லாரும் பார்க்கிற மாதிரி முன்பக்கத்தில் வைப்பது என்று தெளிவான நோர்வே மொழியில் இருவருக்கும் விளங்கப்படுத்தினாள். 'முன்பக்கத்தில்' என்று சொல்லும்போதே அவளுடைய குரல் மெதுவாகியது. சாமான் அறைக்குள் குனிந்து குழாய்களின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இருபத்தெட்டு வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவள். விளக்கம் ஒன்றும் தேவைப்படவில்லை.

"அடியிலை வைச்சிருக்கிறியள்" என்றாள். "ஐயோ கடவுளே. அடையாளம் போட்டனீங்களோ?"

நான் சுவரைப் பார்த்தேன். சுவர் என்னைக் காட்டிக்கொடுத்துக்கொண்டு நின்றது.

"அந்த மனுசன் சாமானை மாத்திப்போடுமெண்டு?"

"நான் மாத்துமெண்டு சொல்லேல்லை. மாத்தினால் தெரியவேணுமெண்டுதான்..."

வசந்தி ஸ்தைனாரின் பக்கம் திரும்பி மொழிபெயர்த்தாள். ஒரு சொல்லும் விடவில்லை. களவு எடுப்பதற்கான நோர்வேச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். அதை அவள் இரண்டு தரம் சொன்னாள். ரந்தியின் கை நெஞ்சில் இருந்து மெல்ல இறங்கியது.

ஸ்தைனார் தொப்பியைத் திரும்பப் போட்டார். போகப்போகிறார், சனிக்கிழமைக்குத் தாங்கியும் இல்லை, தண்ணியும் இல்லை என்று நினைத்தேன். ஆனால் அவர் கைபேசியை எடுத்து, படங்களைத் தட்டித் தட்டி, என் முகத்துக்கு நேரே பிடித்தார். திங்கட்கிழமை எடுத்த படங்கள். ஒன்றில் எங்கள் விறாந்தை நிலத்தில் உள்ள நீளக் கீறல், பெரிதாக. இன்னொன்றில் கதவுநிலையில் மூலை உடைந்த இடம். அரிசி மூட்டைப் படம் அரிசி மூட்டைக்காக எடுத்ததல்ல. அதற்குப் பின்னால் சுவரில் இருந்த வெடிப்புக்காக.

"முன்பு ஒரு வீட்டில், ஏற்கனவே வெடிச்சிருந்த மாபிளை நான்தான் உடைச்சேன் என்று சொன்னார்கள்" என்றார். "அதுக்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் எல்லாத்தையும் படம் பிடிப்பேன். வீட்டுக்காரரை நம்ப ஏலாது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்னையா? என்னையா சந்தேகப்பட்டான் இவன்? கோப்பி குடிக்கிறியா என்று கேட்டேனே! வசந்தி என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். அவள் சிரித்ததும் ரந்தி சிரித்தார். ஸ்தைனார் கடைசியாகத்தான் சிரித்தார், அதுவும் பாதி.

தண்ணி திரும்பி வந்தது. கார்த்திக் திரும்ப மணி அடித்து, "என்ன பிராப்ளம் அங்கிள்?" என்று கேட்டபோது "காத்து அடைச்சிருந்தது" என்று சொன்னேன்.

இவ்வளவுக்குப் பிறகு ஒரு மனுசன் திருந்தியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? பழைய தாங்கியை இறக்கி, கதவுநிலையைக் கழற்றி, புது வால்வுகளைப் பூட்டும்போது கிட்ட நின்று பார்த்தால்தான் நல்லது என்று, "நான் உள்ளே நிண்டு பிடிக்கிறன்" என்று சாமான் அறைக்குள் போய் மூலையில் நின்றுகொண்டேன். ஸ்தைனார் புதுத் தாங்கியை நிமிர்த்தி, அணைத்து, அங்குலம் அங்குலமாக உள்ளே தள்ளினார். அளவு அச்சொட்டு. இரண்டு பக்கச் சுவருக்கும் தாங்கிக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. அவர் நெற்றியைத் துடைத்துவிட்டு, "அருமை. இனி நீ வெளியே வா" என்றார்.

நான் தாங்கிக்குப் பின்னால் இருந்தேன்.

"இவரையும் சேர்த்துப் பூட்டிவிடு" என்று வசந்தி நோர்வே மொழியில் சொன்னது அந்தப் பக்கத்தில் கேட்டது. தாங்கியைத் திரும்ப வெளியே எடுத்து, என்னை எடுத்து, திரும்பத் தாங்கியை உள்ளே விட்டார்கள். எல்லாம் முடிந்து போகும்போது ஸ்தைனார் பழைய வால்வுகளையும் இணைப்புகளையும் ஒரு பையில் போட்டு என் கையில் தந்தார். "உன்னுடையது. எண்ணிப் பார்" என்றார். தேவையில்லை, உன்னில் எனக்கு முழு நம்பிக்கை என்று சொல்லி, கைகுலுக்கி, படி வரைக்கும் போய் வழியனுப்பினேன்.

வந்து எண்ணினேன். ஏழும் இருந்தது.

சனிக்கிழமை துரொண்ட்ஹெய்ம்காரர் பிரசன்னாவையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள், ஆரணியும் வந்திருந்தாள். பிரசன்னாவின் அப்பா குலசிங்கம் அண்ணை அதிகம் கதைக்காத மனுசன். வந்து இருந்ததில் இருந்து வீட்டை ஒரு மூலை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார், எனக்கு வயிறு உண்மையாகவே குத்தத் தொடங்கியது. எல்லாரும் குளித்தார்கள், எல்லாருக்கும் சுடுதண்ணி வந்தது. விசயம் சுமுகமாக முடிந்திருக்கும். சாப்பாட்டு நேரத்தில் ஆரணி வாயைத் திறந்தாள்.

"மாமா, எங்கடை அப்பா தாங்கிக்கு என்ன செய்தவரெண்டு தெரியுமோ?"

"பிள்ளை, சோத்தைச் சாப்பிடு" என்றேன்.

சாப்பிடவில்லை. தாயிடம் கேட்டதைப் பொட்டில் தொடங்கி, தாங்கிக்குப் பின்னால் நான் நின்றது வரைக்கும் சொன்னாள். பிரசன்னா சிரித்தான், அவனுடைய அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். குலசிங்கம் அண்ணை சிரிக்கவில்லை. கையில் கோப்பையோடு எழும்பினார். "எங்கை அந்த இடம்?" என்று கேட்டார். நான் கூட்டிக்கொண்டு போனேன். வசந்தி பின்னால் வந்தாள். அவர் சாமான் அறைக்குள் குனிந்து, புதுக் குழாய்களின் அடிப்பக்கத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இவனுடைய மகளையா எடுப்பது என்றுதான் அந்த முதுகு யோசிக்கிறது என்று எனக்கு விளங்கியது. ஏழு மணித்தியாலம் ஓடிவந்த சனம். பிள்ளை அங்கே மேசையில் இருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவளுடைய முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

அவர் நிமிர்ந்தார். "தம்பி, குங்குமம் கரையுமெண்டு உமக்குத் தெரியாதோ?" என்றார். "நான் காரைச் சேர்விசுக்கு விடேக்கை இவவின்ரை நெய்ல் பொலிஷ்தான் பூசிறனான். எண்ணெய் பட்டாலும் அசையாது."

மேசையில் இருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது. "அதுதான் என்ரை போத்தல் வருசா வருசம் காணாமல் போறதோ! நான் பிரசன்னாவிலை எல்லோ சந்தேகப்பட்டனான்!"

அன்று பின்னேரமே கலியாணத்துக்கு நாள் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த நாளிலும் நேரத்திலும் எனக்கும் குலசிங்கம் அண்ணைக்கும் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. இருவரும் சேர்ந்து இன்னொரு ஐயரிடம் கேட்டு உறுதிப்படுத்தினோம்.

இதோடு விட்டிருந்தால் கதை எங்கள் இரண்டு குடும்பத்துக்குள்ளேயே கிடந்திருக்கும். சில கிழமைக்குப் பிறகு ஸ்தைனாரின் வேலை அறிக்கை வந்தது. இந்த நாட்டில் தாங்கி பூட்டினால் அதற்கு அறிக்கை எழுதவேண்டும், வீடு நிற்கும் மட்டும் அது நிர்வாகத்தின் கோப்பில் கிடக்கும். வீட்டை விற்றால் வாங்குகிறவனும் வாசிப்பான். ஆரணி அதைச் சத்தமாக வாசித்து, வசனம் வசனமாகத் தமிழில் சொன்னாள். தாங்கியின் அளவு, வால்வுகளின் விபரம், படங்கள். கடைசிப் பந்தி மட்டும் சின்னது. "குழாய் இணைப்புகளில் சிவப்பு நிறம் அவதானிக்கப்பட்டது. கசிவு இல்லை. காரணம்: வீட்டுக்காரர்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது பிழையாய்ப் போனாலும் அதற்கு அறிக்கை தயார். சோறு அடிப்பிடித்தாலும், கார் ஸ்டார்ட் ஆகாவிட்டாலும், இன்டர்நெட் நின்றாலும், வசந்தியும் ஆரணியும் பிரசன்னாவும் ஒரே குரலில் "காரணம்: வீட்டுக்காரர்" என்பார்கள். காற்றோட்டக் குழாய் பார்க்க வந்த ஒரு ஆள், வேலை தொடங்க முதல் கோப்பைத் திறந்து வாசித்துவிட்டு, என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தன் கைபேசியை எடுத்து நிலத்தைப் படம் பிடித்தார்.

கலியாணம் முடிந்து துரொண்ட்ஹெய்முக்குக் குடிபோன ஆரணிக்குப் போன மாதம் பெண்பிள்ளை பிறந்தது. உடனே ஓடிப்போனோம். பிள்ளையை என் கையில் தந்தார்கள். அது கண்ணைத் திறந்து, என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி அதிர வீரிட்டது. எல்லாரும் பதறினார்கள். குலசிங்கம் அண்ணை மட்டும் பதறாமல் கிட்ட வந்து, கண்ணாடியைப் போட்டு, பிள்ளையின் அடிப்பக்கத்தைக் கவனமாகத் தொட்டுப் பார்த்தார்.

"கசிவு இல்லை" என்றார். அறிக்கையின் மிச்ச இரண்டு சொல்லையும் அறையே சேர்ந்து சொன்னது.